செருப்பு தொலைந்த ஞாயிறு

1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஏழு வயது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் கத்தோலிக்கரின் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு அம்மா என்னையும் அக்காவையும் கூட்டிப் போயிருந்தார். நாங்கள் மெதடிஸ்ட் சபை. அன்னம்மாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது எங்கள் வீட்டு வழக்கம் இல்லை. ஆனால் ஜூலை மாதத்தில் அந்தக் குன்றடிக்குப் போகிற யாரும் எந்தச் சபை, எந்த மதம் என்று பார்த்துப் போவதில்லை என்பது பினாங்குக்காரர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா வருந்திக் கூப்பிட்டார், போனோம்.

திரும்பும் நேரத்தில் என் செருப்பு ஒன்று தொலைந்தது. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு, இடது கால். கூட்டத்தில் யாரோ மிதித்ததில் கழன்று போயிருக்க வேண்டும். வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அம்மா அப்போது தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. புதுச் செருப்பைப் போனால் போகட்டும் என்று விடுகிற நிலைமையில் வீடு இல்லை. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். மெழுகுவர்த்தி விற்ற மேசைகளுக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினார். அரை மணி நேரம் இருக்கும். செருப்பு கிடைக்கவில்லை. நாங்கள் ஏற வேண்டிய பஸ்ஸும் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸில், பினாங்குத் தீவுக்கு ஃபெர்ரி புறப்படும் பட்டர்வொர்த்துக்கு வந்து சேர்ந்தபோது படகுத்துறைப் பக்கமே யாரையும் விடவில்லை. அன்னம்மாள் திருவிழாவும் தீவில் சீனர்களின் பெரிய விழா ஒன்றும் சேர்ந்து வந்த நாள் அது. தீவுக்குப் போக ஃபெர்ரிக்குக் காத்திருந்த கூட்டத்தின் பாரம் தாங்காமல் மேல்தளம் இடிந்து விழுந்திருந்தது. 32 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் 1,600-க்கும் மேல். இந்தக் கணக்கெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் அறிந்தது சைரன் சத்தமும், அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியின் வலியும்தான். இரவு பாகான் ஆஜாமில் சித்தப்பா வீட்டில் தங்கினோம். அக்கா தூங்கிவிட்டாள். அம்மா என் வெறும் பாதத்தைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு சபையில் அம்மா எழுந்து சாட்சி சொன்னார். கர்த்தர் ஒரு செருப்பைத் தொலைக்கப் பண்ணி மூன்று உயிர்களைக் கண்மணியைப்போலக் காத்தார் என்றார். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் ஜூலை கடைசியில் அந்தச் சாட்சி வரும். சிறுவனான எனக்கு அதில் பெருமைகூட உண்டு. தொலைந்தது என் செருப்பல்லவா!

மூன்றாவது ஆண்டோ நான்காவது ஆண்டோ, ஆராதனை முடிந்து மண்டபத்தில் மீகூனும் தேநீரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சபைக்குப் புதிதாக வரத் தொடங்கியிருந்த ஒரு பெண்மணி அம்மாவிடம் வந்தார். அவருடைய கணவர் அன்று அந்தத் தளத்துக்குக் கீழே நின்றவர். உயிர் பிழைத்தார். கால் நசுங்கிப் போனதில் துறைமுக வேலைக்குத் திரும்ப முடியவில்லை. அந்த அம்மா கோபப்படவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரருக்குச் செருப்பு தொலையலையே டீச்சர்" என்றார். அவ்வளவுதான்.

அம்மா அதற்குப் பிறகு அந்தச் சாட்சியைச் சொல்லவே இல்லை.

நான் இன்றைக்கு இடைநிலைப்பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். நிகழ்தகவு பாடம் தொடங்கும்போது வகுப்பில் பிறந்தநாள்களைக் கேட்பேன். 23 பேர் இருக்கும் இடத்தில் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் அமைவதற்கான வாய்ப்பு பாதிக்கும் கொஞ்சம் அதிகம். 40 பேர் இருந்தால் பத்துக்கு ஒன்பது என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் நம்பமாட்டார்கள், பிறகு நம்புவார்கள். வியப்பான ஒற்றுமைகள் உலகத்தில் நிறையவே நடக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு நாளில் பத்தாயிரம் பேர் படகுத்துறைக்குப் போனால், வழியில் செருப்பு தொலைத்தவரும், கழிவறைக்குப் போனவரும், கோபித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியவரும் சிலராவது இருக்கத்தான் செய்வார்கள்.

ஆகவே தேவன் அதில் இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்று நீதிமொழிகளில் இருக்கிறது. கணக்கு எதற்குக் கட்டுப்படுகிறதோ அதுவும் அவர் கையில் என்றுதான் நான் விசுவாசிக்கிறேன். எனக்குள்ள கேள்வி வேறு. நடந்த ஒன்றைப் பார்த்து, "இது எனக்காக, இந்தக் காரணத்துக்காக" என்று வாசிக்க நமக்கு எவ்வளவு தெரியும்? மெலித்தா தீவில் பவுலின் கையை விரியன் பாம்பு கவ்விக்கொண்டபோது, அந்தத் தீவார் முதலில் அவரைக் கொலைபாதகன் என்றார்கள். அவர் சாகவில்லை என்றதும் தேவன் என்றார்கள். ஒரே நிகழ்ச்சி, ஒரே நாள், இரண்டு வாசிப்பு, இரண்டுமே தவறு. நாம் ஞாயிறு காலையில் மைக்கைப் பிடித்துச் சொல்லுகிற பலவும் அந்த வகையோ என்று எனக்குப் பயம் உண்டு.

இயேசுவிடமே இப்படி ஒரு விபத்தைப் பற்றிய பேச்சு வந்தது. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்த செய்தி. அவர்கள் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அப்படியல்ல என்றார். செத்தவர்கள் ஏன் செத்தார்கள் என்று விளக்கவில்லை. தப்பித்தவர்கள் ஏன் தப்பினார்கள் என்றும் சொல்லவில்லை. கேட்டவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். சின்ன வயதில் இந்தப் பகுதி எனக்குக் கடுமையாகத் தெரியும். படகுத்துறையை நினைத்துக்கொண்டு வாசிக்கும்போது இதைவிடக் கருணையான பதில் இருக்க முடியாது என்று தோன்றுகிறது. அந்தக் காலொடிந்த மனிதர் சபையில் உட்கார்ந்து தைரியமாகக் கேட்கக்கூடிய ஒரே பதில் இதுதான்.

இவ்வளவும் தெரிந்த நானே 2019 டிசம்பர் 31 இரவு கை நீட்டி வாக்குத்தத்த அட்டை எடுத்தேன். நம் தமிழ்ச் சபைகளில் அந்த இரவைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. நள்ளிரவு ஜெபம் முடிந்ததும் தட்டில் அட்டைகளைப் பரப்பி வைப்பார்கள். ஒவ்வொருவரும் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார்கள். அந்த ஆண்டுக்கு அதுதான் கர்த்தர் தந்த வசனம். இந்த வழக்கத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. மொரேவிய சகோதரர்கள் என்ற பழைய புராட்டஸ்டன்ட் சபையார் 1731 முதல் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் சீட்டுப் போட்டு வசனம் எடுத்து அச்சடித்து வருகிறார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய எங்கள் ஜான் வெஸ்லி அவர்களிடமிருந்து நிறையக் கற்றவர். சோர்ந்து கிடக்கிற ஒருவருக்கு அந்த அட்டை எத்தனையோ முறை உணவாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கு வந்த அட்டையில் ரோஜாப்பூப் படம். "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." சங்கீதம் 91:10.

2020 மார்ச் 18-ல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. வாதை என்ற சொல் என் பணப்பையில் ஏற்கெனவே இருந்தது! அட்டையைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கொள்ளைநோய் வருவதற்கு மூன்று மாதம் முன்பே கர்த்தர் நமக்குச் சொல்லிவிட்டார் என்று எழுதினேன். அக்கா அதை அவளுடைய சபைக் குழுவுக்கு அனுப்பினாள். எங்கிருந்தெல்லாமோ ஆமென் வந்தது. அப்பா மட்டும், "நல்ல வசனம் தம்பி. எல்லாருக்காகவும் ஜெபிப்போம்" என்று பதில் போட்டார். அப்பா கைப்பேசியில் தமிழ் தட்டச்சு செய்ய ஐந்து நிமிடம் ஆகும். அந்த இரண்டு வாக்கியத்தை அவர் எவ்வளவு நேரம் எடுத்து எழுதியிருப்பார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

2021 ஆகஸ்ட். நாட்டில் தொற்று நாளொன்றுக்கு 20,000-ஐத் தாண்டிய மாதம். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த எட்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. கல்லறையில் நாங்கள் நாலு பேர், போதகர், பாதுகாப்பு உடை போட்டவர்கள். பெட்டியைத் திறக்கவில்லை. போதகர் தள்ளி நின்று வாசித்தது காற்றில் பாதிதான் கேட்டது.

அன்றிரவு அந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். வாதை எங்கள் கூடாரத்துக்குள் வந்து நடுத்தூணைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. தேவன் பொய் சொன்னாரா? இல்லை நான்தான் தவறான அட்டையை எடுத்தேனா? இப்படியெல்லாம் கேட்டேன். வெளியே சொல்லவில்லை. அப்புறம் ஒருநாள், இதே சங்கீதத்தின் அடுத்த வசனங்களை ஏற்கெனவே ஒருவன் ஒருவருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறான் என்பது உறைத்தது. தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் உம்மைத் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்றான் பிசாசு. வசனம் உண்மையானதுதான். அதைத் தனக்கு ஒரு காப்பீட்டுச் சீட்டாக எடுத்துக்கொள்ள இயேசு சம்மதிக்கவில்லை. நான் சம்மதித்தேன். அதோடு நில்லாமல் படமெடுத்து அனுப்பியும் வைத்தேன். அந்தக் குழுவில் இருந்தவர்களில் எத்தனை வீட்டில் அந்த ஆண்டு சாவு விழுந்தது, அவர்கள் என் செய்தியை மறுபடி பார்த்தபோது என்ன நினைத்தார்கள்? "எங்க வீட்டுக்காரருக்குச் செருப்பு தொலையலையே டீச்சர்."

சரி, வேதாகமம் தற்செயலைப் பற்றி என்னதான் சொல்லுகிறது என்று அந்த மாதங்களில் தேட ஆரம்பித்தேன். அப்பா விட்டுப்போன பழைய மொழிபெயர்ப்பில்தான் தேடினேன், பென்சில் கோடு போட்ட அவருடைய பிரதி. தேடியதில் இரண்டு இடங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. ஒன்று ரூத்தின் புத்தகம், இரண்டாம் அதிகாரம். கதிர் பொறுக்கப் போன ரூத், "தற்செயலாய்" போவாசுடைய வயலில் போய்ச் சேருகிறாள். இன்னொன்று லூக்கா பத்தாம் அதிகாரம். எரிகோவுக்குப் போகிற வழியில் கள்ளர் கையில் அகப்பட்டவன் குற்றுயிராய்க் கிடக்கிறான். "அப்பொழுது தற்செயலாய் ஒரு ஆசாரியன் அந்த வழியே வந்து, அவனைக் கண்டு, பக்கமாய் விலகிப்போனான்."

இரண்டு இடத்திலும் அதே சொல். எத்தனை முறை வாசித்தும் இந்தச் சொல் ஒன்று என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ரூத்தின் தற்செயலிலிருந்து தாவீது ராஜாவின் வம்சம் வருகிறது. ஆசாரியனின் தற்செயலிலிருந்து ஒன்றுமே வரவில்லை. அவன் விலகிப்போனான். அவனுக்குக் கிடைத்த தருணம் ரூத்துக்குக் கிடைத்ததைவிடக் குறைந்ததா? நேரம் சரி, இடம் சரி, கிடந்தவன் கண்ணிலும் பட்டான். கர்த்தருடைய ஏற்பாடு என்று சாட்சி சொல்ல வேண்டிய எல்லாமே அங்கே இருந்தது. அவன் குனியவில்லை.

ரூத்தின் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அவள் போன வயலில் பொறுக்கக் கதிர் எப்படி இருந்தது? வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று லேவியராகமத்தில் கட்டளை. போவாஸ் அதைக் கைக்கொள்ளுகிற மனிதன். ரூத் என்று ஒருத்தி மோவாபிலிருந்து வரப்போகிறாள் என்று தெரிந்து அவன் ஓரத்தை விடவில்லை. ஒவ்வோர் அறுப்பிலும் விட்டான். யார் வந்தாலும் இருக்கும்படி விட்டான். அந்தப் புத்தகத்தில் அன்று காலையில் தேவனுடைய நோக்கம் யாருக்குமே தெரியாது. ரூத்துக்குப் பசி, போவாஸுக்கு அறுப்பு வேலை. என்னை மாராள் என்று கூப்பிடுங்கள் என்று கசந்து கிடந்த நகோமிதான், மாலையில் மருமகள் கொண்டுவந்த வாற்கோதுமையைப் பார்த்து, யாருடைய வயல் என்று கேட்டறிந்த பிறகு, உயிரோடிருக்கிறவர்களுக்கும் மரித்தவர்களுக்கும் தயவு செய்கிற கர்த்தர் என்று சொல்லுகிறாள். மரித்தவர்களுக்கும். அந்த வரிக்குக் கீழே அப்பாவின் பென்சில் கோடு இருந்தது.

இனி அப்பாவின் கைப்பேசியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் போன பிறகும் அதை அம்மா தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார். அந்த ஆண்டுக் கடைசியில், பள்ளிகள் படிப்படியாகத் திறந்துகொண்டிருந்த நேரத்தில், எண்ணைத் துண்டித்துவிடலாம் என்று கடைக்குப் போனேன். இறப்புச் சான்றிதழின் அசல் வேண்டும் என்றார்கள். என் கையில் இருந்தது நகல். மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரவு எட்டரைக்கு அந்தக் கைப்பேசி மணியடித்தது. திரையில் "பஸ்" என்று மட்டும் இருந்தது. யாரோ பஸ் கம்பெனிக்காரர்கள் என்று நினைத்து எடுத்தேன்.

ஒரு பெண் குரல். "ஐயா, நல்லா இருக்கீங்களா? ரொம்ப நாளா ஐயாவைக் கீழே காணோம். தம்பிக்கு ஸ்கூல் திறக்கறாங்க. பஸ்காரர் கேட்டாரு. ஐயாவுக்குச் சிரமம்னா பரவாயில்ல, நான் வேற வழி பாத்துக்கறேன். கேட்டுட்டுச் சொல்லலாம்னுதான்."

அப்பா இறந்தது அவருக்குத் தெரியாது. முன்பு எங்கள் அடுக்குமாடியில் துப்புரவு வேலை செய்தவர். கட்டுப்பாட்டுக் காலத்தில் வேலை போய்விட்டது. நான் சொன்னதும் சத்தமே இல்லை. பிறகு அழுகைக் குரல். நான் பேச முடியாமல் கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்தேன்.

அப்பாவின் அலமாரியில் அவருடைய கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். துறைமுகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர், எல்லாவற்றையும் எழுதி வைக்கிற பழக்கம். 2019 ஜனவரியிலிருந்து மாதந்தோறும் ஒரு வரி: பஸ் 90. 2020 மார்ச்சோடு அது நின்றிருந்தது, பள்ளி மூடியதால். அதற்கடுத்த மாதத்தில் அதே இடத்தில், அதே 90 வெள்ளி (ரிங்கிட்), அரிசி என்று எழுதியிருந்தது. கடைசி வரி 2021 ஜூலை.

அம்மாவுக்கும் இது தெரியாது. புத்தகத்தை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அந்தம்மா என்கிட்ட செருப்பைப் பத்திச் சொன்னாங்களே, அன்னைக்கு உங்கப்பா பக்கத்துலதான் நின்னாரு. ஒண்ணும் பேசலை. மறுவாரம் அவங்க வீட்டுக்குப் போய் அவரைப் பார்த்துட்டு வந்தாரு. அதுக்கப்புறம் மாசாமாசம் போனாரு. அவங்க ஈப்போ பக்கம் மாறிப் போற வரைக்கும் போனாரு. அப்புறம் யாரையாச்சும் பார்த்துப்பாருன்னு நினைச்சேன். நான் கேட்டதில்லை."

முப்பது ஆண்டுக்கு மேல். நாங்கள் சாட்சி சொல்லிக்கொண்டும், அதை நிறுத்திக்கொண்டும், அட்டை எடுத்துக்கொண்டும் இருந்த காலம் முழுவதும் அப்பா வயலோரத்தை அறுக்காமல் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

அசல் சான்றிதழை நான் வீட்டில் வைத்துவிட்டுப் போனது கர்த்தரின் செயலா என்று சபை நண்பர் ஒருவர் கேட்டார். ஆமென்று சொல்ல ஆசைதான். ஒரு நாள் முன்னதாக எண் துண்டிக்கப்பட்டிருந்தால் அந்த அழைப்பு யாரிடமும் வந்து சேர்ந்திருக்காது. ஆனாலும் நான் அப்படிச் சொல்லுவதில்லை. மறைவானவைகள் நம்முடைய தேவனாகிய கர்த்தருக்கே உரியவைகள் என்று உபாகமம் சொல்லுகிறது. அந்த நகலும் அசலும் மறைவானவற்றில் சேர்ந்தது. மறைவில்லாத ஒன்று இருந்தது. ஒரு பையன் பள்ளிக்குப் போக 90 வெள்ளி வேண்டும், கேட்டவருடைய குரல் என் காதில் விழுந்துவிட்டது. தற்செயலாய் அந்த வழியே வந்துவிட்டேன். அதை வாசிக்க அட்டை தேவைப்படவில்லை.

என் மாணவர்களோ சபை இளைஞர்களோ தேவ சித்தத்தை எப்படி அறிவது என்று கேட்டால் இப்போது அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, அந்த இடத்தில் உன் கண்ணில் பட்டது யார் என்பதுதான். கதவு திறந்ததா மூடியதா, ஒரே வசனம் மூன்று முறை வந்ததா என்பதை அப்புறம் பேசலாம். வேலை மாற்றலாமா, யாரைக் கல்யாணம் பண்ணலாம் என்று கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு இது முழுப் பதில் இல்லைதான். அவர்களோடு சேர்ந்து ஜெபிக்கிறேன், வேதத்தை வாசிக்கிறேன், பெரியவர்களிடம் கேட்கச் சொல்லுகிறேன். ஒரு மாலைப்பொழுது வந்த பிறகு நகோமியைப்போல் அவர்களே திரும்பிப் பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.

பையன் இப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டான். பஸ் கட்டணமும் ஏறிவிட்டது. அப்பாவின் எண்ணை நான் துண்டிக்கவே இல்லை. சாமி படம் வைக்காத எங்கள் வீட்டு வரவேற்பறையில், வேதாகமத்துக்குப் பக்கத்தில், சார்ஜ் கம்பியோடு அது இருக்கிறது. ரோஜாப்பூ அட்டையைக் கணக்குப் புத்தகத்தில், 2021 ஜூலைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதற்கடுத்த பக்கங்கள் என் கையெழுத்தில் போகின்றன.

போன வாரம் மழை. காலை ஆறே காலுக்குத் திரை வெளிச்சமாகி, "பஸ்" என்ற பெயரில் ஒரு செய்தி. அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். "பாட்டி, இன்னிக்கு பஸ் லேட். நான் கீழே நிக்கறேன்."

"நனைஞ்சிடப் போறான், குடையை எடுத்துக்கிட்டுப் போ தம்பி" என்றார்.